அந்தத் தூசை ஊதாதீர்கள்

பின் சக்கரத்தைக் கழற்றியாயிற்று. காலிப்பர் என்கிற அந்த இரும்புக் கவ்வியையும் கழற்றி, பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல், ஒரு கம்பியால் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டியாயிற்று. உள்ளே எட்டிப் பார்த்தால் கறுப்பாக, கண் மை மாதிரி ஒரு தூசு. தொட்டால் விரலில் அப்பிக்கொள்கிறது. இந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

உதட்டைக் குவித்து 'ஃபூ' என்று ஒரு ஊது. அவ்வளவுதானே? நானும் அதற்குத்தான் குனிந்தேன். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில், பேப்பரில் எழுதிப் பிழைக்கிற ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் காருக்கு அடியில் எதற்குப் போனான் என்று சொல்லிவிட வேண்டும்.

நான் இருப்பது மீஞ்சூர். கடல் காற்று எட்டுகிற ஊர். இரும்பு எதை வாங்கி வைத்தாலும் இரண்டு மழைக்காலத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். என் பழைய காரில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறதில்லையா, அதனால் வேலையில் முக்கால்வாசியை முன் சக்கரமே பார்த்துவிடும். பின் பிரேக்குக்கு ஓய்வு அதிகம். ஓய்வெடுக்கிற இரும்பு துருப்பிடிக்கும். என் பின் டிஸ்க்குகளின் விளிம்பில் பொருக்குத் தட்டி, பேடுகள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, பிரேக் போட்டாலே கிறீச். ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் வாங்கிப் பார்த்தேன். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டது. சாமான்களுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு. கூலியை நாமே செய்துவிட்டால்?

ஆகவேதான் அந்தக் குனிவு. இனி கதைக்கு வருவோம்.

1897. இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்கிற மலைப்பாங்கான மாவட்டம். ஏறினால் இறங்க வேண்டும். இறங்கினால் குதிரை வண்டி குதிரையை முந்தப் பார்க்கும். நம் ஊர் சமவெளி. மூக்கணாங்கயிறை இழுத்துப் பிடித்து, 'ஹோ ஹோ' என்றால் மாடு நின்றுவிடும், வண்டியும் நின்றுவிடும். அங்கே அது நடக்காது. சக்கரத்தின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து அழுத்துவார்கள். மரம் வழுக்கும். அதனால் வண்டிக்காரர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கட்டையில் பழைய பூட்ஸின் தோலை வைத்து ஆணி அடித்துவிடுவது!

இதைப் பார்த்தார் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்கிற மனிதர். பிழைக்கத் தெரிந்தவர். செருப்புத் தோலுக்கே இவ்வளவு பிடிப்பு இருக்குமென்றால், அதற்கென்றே ஒன்றைச் செய்தால் என்ன என்று யோசித்தார். ரோமத்தையும் பஞ்சையும் பட்டையாக நெய்து, பிசினில் ஊறவைத்து, கட்டைக்கு ஒட்டும்படி ஒரு சாமான் செய்தார். உலகின் முதல் பிரேக் லைனிங் வியாபாரம் அதுதான். கம்பெனிக்குப் பெயர் வேண்டுமே? தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, நடுவே மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தைச் செருகினார். ஃபெரோடோ. எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அதே சமயத்தில் பர்மிங்ஹாமில் இன்னொருவர், ஃப்ரெடரிக் லான்செஸ்டர். கார் எஞ்சினியர். சக்கரத்தோடு சுழலும் ஒரு உலோகத் தட்டு, அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இரண்டு பேடுகள் என்று 1902-ல் பேடன்ட் வாங்கினார். இன்று நீங்கள் ஓட்டும் காரின் டிஸ்க் பிரேக்குக்குத் தாத்தா அதுதான். ஆனால் பேடுக்கு அவர் போட்டது செம்பு. செம்பு தட்டில் உரசினால் எப்படி இருக்கும்? ஊரே காதைப் பொத்திக்கொண்டது. அதே 1902-ல் பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். உள்ளே மூடி மறைந்திருக்கும், புழுதி போகாது, சத்தமும் குறைவு. ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். தட்டு தோற்றது, டிரம் ஜெயித்தது.

தட்டோ டிரம்மோ, இரண்டுக்கும் பிரச்னை ஒன்றுதான். சூடு.

ஒரு கணக்கு போடுவோம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிரேக் போட்டு நிறுத்துகிறீர்கள். அந்த ஓட்டம் முழுவதும் எங்கே போயிற்று? சூடாக மாறி, அந்தச் சின்னப் பேடுகளிலும் இரும்பிலும் இறங்கிவிட்டது. எவ்வளவு சூடு தெரியுமா? சுமார் ஒன்றேகால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு. அதுவும் சில விநாடிகளில். பஞ்சும் ரோமமும் இதற்குத் தாங்குமா? கருகிப் புகைந்தது. வண்டிகளின் வேகம் ஏற ஏற, ஃப்ரூட்டின் பட்டைகள் தடுமாறின.

1908-ல் அவர் கையில் மாற்று கிடைத்தது. பூமியிலிருந்து தோண்டியெடுக்கும் கல். ஆனால் பஞ்சு மாதிரி இழை பிரியும், நூல் நூற்கலாம், துணி நெய்யலாம், தீயில் போட்டாலும் எரியாது. கல்நார். நமக்குப் பழக்கமான பெயரில் சொன்னால், ஆஸ்பெஸ்டாஸ். விலையோ மலிவு. இதைவிட என்ன வேண்டும்? அடுத்த எழுபது, எண்பது வருடங்களுக்கு, உலகத்தில் பிரேக் லைனிங் என்றால் கல்நார் என்றே அர்த்தம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஃப்ரூட்டின் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத ராச்டேல் என்கிற மில் நகரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

நெல்லி கெர்ஷா. 1891-ல் பிறந்த பெண். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுவிட்டுப் பஞ்சாலைக்குப் போனாள். பிறகு கல்நார் ஆலை. 1917 முதல் டர்னர் பிரதர்ஸ் என்ற கம்பெனியில் கல்நாரை நூலாக நூற்கிற வேலை. முப்பது வயது தாண்டவில்லை, மூச்சு வாங்க ஆரம்பித்தது. 1922-ல் உள்ளூர் டாக்டர் வேலைக்குத் தகுதியில்லை என்றார்; கல்நார் விஷம் என்றே எழுதிக் கொடுத்தார். கம்பெனி ஏற்கவில்லை. அப்படி ஒரு வியாதி சட்டத்தின் பட்டியலிலேயே கிடையாதே! பட்டியலில் இல்லாத வியாதிக்கு எப்படி நஷ்ட ஈடு கொடுப்பது? 1924 மார்ச் 14 அன்று நெல்லி இறந்துபோனாள். வயது 33. அடக்கச் செலவுக்குக்கூடக் கம்பெனி பணம் தர மறுத்தது. கல்லறையில் பெயர் பொறிக்கவும் வழியில்லாமல் புதைத்தார்கள்.

வில்லியம் குக் என்ற டாக்டர் அவளுடைய நுரையீரலை அறுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பழைய டி.பி.யின் தழும்புகள் இருந்தன. கூடவே இன்னொன்றும் இருந்தது. கூர்கூராகக் கல்நார்த் துகள்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். உலகம் மெல்லத் திரும்பிப் பார்த்தது.

கவனியுங்கள். அந்த டர்னர் கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து 'டர்னர் அண்ட் நியூவால்' ஆயிற்று. அதே 1920-களில் ஃப்ரூட்டின் ஃபெரோடோவையும் வாங்கிப்போட்டது. நூலும் அவர்களுடையது, லைனிங்கும் அவர்களுடையது.

1930-ல் வெளியான ஓர் அறிக்கைக்காக எட்வர்ட் மெரிவெதர் என்கிற அரசாங்க டாக்டர் ஆலை ஆலையாகப் போய் 363 தொழிலாளர்களைப் பரிசோதித்தார். 95 பேருக்கு நுரையீரல் இறுகியிருந்தது. நாலில் ஒருவர்! பிரிட்டன் விதிமுறை போட்டது. ஆலைகளில் தூசை உறிஞ்சும் காற்றாடிகள் வந்தன. ஆனால் விதிமுறை ஆலையின் சில வேலைகளுக்கு மட்டும். கராஜில் உட்கார்ந்து பழைய லைனிங்கைப் பெயர்த்து, புதியதை ராவிப் பொருத்துகிறவன் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

நான் கணக்குப் படித்தவன். ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். செலவை யார் தலையிலாவது கட்டிவிட்டால், லாபம் தானாக ஏறும். இந்த வியாதி உடனே வராது. இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து வரும். அதற்குள் பேலன்ஸ் ஷீட் எத்தனை முறை மூடப்பட்டிருக்கும்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மீஞ்சூரில் சென்னை போகிற மின்சார ரயிலில் ஏறுங்கள். நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது எண்ணூர். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில்தான் ஆஸ்டின் கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. பூட்டுவது மட்டும் போதாது, பாகங்களையும் இங்கேயே செய்தாக வேண்டும் என்று தில்லி நெருக்கியது 1953-ல். அது சரிப்படாது என்று ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். போனவர்கள் விட்ட இடத்தில் நம் ஆட்கள் நுழைந்தார்கள். பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா. அதே வருடம் அதே பாடியில் ஏர் பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டன். 1964-ல் ரானே பிரேக் லைனிங். 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இந்தியாவின் பாதி வண்டிகளை நிறுத்துகிற சாமான் அம்பத்தூரிலும் பாடியிலும்தான் தயாராகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள். பாதியா, முக்காலா என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் பெருமைக்குக் காரணம் உண்டு. தரத்துக்காக ஜப்பான் கொடுக்கும் டெமிங் விருதை, 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு இந்தியாவிலேயே முதலாவதாக வாங்கியது.

அந்தப் பெருமைக்கு மறுகோடியில், ரோட்டோரத்தில், ஒரு லாரி ஷெட். அங்கேதான் என் பெரியப்பா.

வேலை இதுதான். லாரியின் டிரம்மைக் கழற்ற வேண்டும். உள்ளே குவிந்திருக்கும் தூசியை, ஒன்று டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸர் ஹோஸால், இல்லாவிட்டால் வாயால் ஊத வேண்டும். பிரேக் ஷூவிலிருந்து தேய்ந்த லைனிங்கின் ரிவெட்டுகளை உளியால் தட்டிப் பெயர்க்க வேண்டும். புது லைனிங்கை ரிவெட் அடித்து, விளிம்பை அரத்தால் ராவி, டிரம்முக்குள் சரியாக உட்காரும்வரை தேய்க்க வேண்டும். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல், மூக்குத் துவாரம் எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். பெரியம்மா வாசலிலேயே நிறுத்தி, சட்டையை வாங்கி உதறுவார். உதறினால் என்ன ஆகும்? அந்தக் கணக்கை அன்று யாரும் போடவில்லை. சின்னப் பையன்களான நாங்கள் அந்தப் புகை மண்டலத்தில் கை தட்டிக்கொண்டு ஓடுவோம்.

கடைசி ஐந்து வருடம் அவர் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். பீடி குடித்ததால் என்றார்கள் உறவுக்காரர்கள். பீடியும் குடித்தார், பொய்யில்லை. 1991-ல் போய்ச் சேர்ந்தார். சர்டிபிகேட்டில் டி.பி. என்றுதான் இருக்கிறது. நெல்லிக்கு ஒரு டாக்டர் குக் கிடைத்தார். பெரியப்பாவுக்கு யார் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்ப்பார்கள்?

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிரேக் தேயும்போது உண்டாகும் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகிறது; தூசில் மிஞ்சுவது கொஞ்சம்தான். இந்த வாதத்தைக் கம்பெனிகள் கோர்ட்டுகளில் நிறையவே சொன்னார்கள். உண்மையும்கூட. ஆனால் புது லைனிங்கை ராவினால் பறப்பது சூடே பார்க்காத பச்சைக் கல்நார். பெரியப்பாவின் வேலையில் பாதி, அரம் பிடிப்பது.

இதற்கிடையில் தோற்றுப்போன தட்டு திரும்பி வந்தது. 1953-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் ஜெயித்தது. மற்றவர்கள் வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக் மிதிக்க, இவர்கள் கடைசி நிமிடத்தில் மிதித்தார்கள். 1955-ல் சிட்ரோயன் டி.எஸ். அதை ஊர் ஜனங்களின் காருக்குக் கொண்டுவந்தது. அதுவும் முன் சக்கரத்துக்கு மட்டும். அதே சிட்ரோயன் கம்பெனி 2021-ல் இந்தியாவில் தன் முதல் காரை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தயாரித்தது, முன்பு மிட்சுபிஷி லான்சர் உருவான அதே தொழிற்சாலையில்.

தட்டு வந்ததால் தூசு போய்விட்டதா? இல்லை. டிரம்முக்குள் மூடிக் கிடந்தது, இப்போது திறந்தவெளியில் பறந்தது. பேடுக்குள் இருந்ததென்னவோ அதே கல்நார்.

கணக்கு தீர்க்கிற நாள் ஒன்று வரத்தானே வேண்டும்? 1998-ல் அமெரிக்காவின் ஃபெடரல் மொகல் கம்பெனி, சுமார் 240 கோடி டாலர் கொடுத்து டர்னர் அண்ட் நியூவாலை வாங்கியது. ஃபெரோடோவும் கூடவே வந்தது. சொத்தை வாங்கியவர்களுக்குக் கடனும் சேர்ந்தே வந்தது. நுரையீரல் கெட்டவர்கள் போட்ட வழக்குகள்! மூன்றே வருடம். 2001 அக்டோபரில் ஃபெடரல் மொகல் திவால் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போய் நின்றது. ராச்டேலில் அடக்கச் செலவை மிச்சம் பிடித்து 77 வருடம் ஆகியிருந்தது.

1999-ல் பிரிட்டன் கல்நாரை முழுக்கத் தடை செய்தது. 2005-க்குள் ஐரோப்பிய யூனியன். இந்தியாவில்? வெட்டி எடுப்பதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். வெளிநாட்டிலிருந்து வெள்ளைக் கல்நாரை வாங்குவதற்கு இன்றும் முழுத்தடை இல்லை. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நாற்பது வருடம், அல்லது ஓய்வுபெற்றதிலிருந்து பதினைந்து வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் பதிவேடு வைக்க ஒரு முதலாளி வேண்டும், ஒரு ஆபீஸ் வேண்டும், ஒரு பீரோ வேண்டும். லாரி ஷெட்டில் இருந்தது ஒரு ஆணி; அதில் பில்களைக் குத்தி வைத்திருப்பார்கள்.

இன்று நல்ல கம்பெனி பேடின் அட்டையில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லை' என்று போட்டிருக்கும். பதிலுக்கு அராமிட் இழை, கண்ணாடி இழை, இரும்புச் சீவல், செம்பு. செம்பும் சும்மா விடவில்லை. மழைத் தண்ணீரில் கரைந்து ஓடைக்குப் போய் சால்மன் மீனின் மோப்ப சக்தியைக் கெடுக்கிறது என்று கலிஃபோர்னியாவில் 2010-ல் சட்டமே போட்டு, 2025-க்குள் அரை சதவீதத்துக்குக் கீழே குறைக்கச் சொன்னார்கள். எங்கள் ஊர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக பிரேக் அடிக்கின்றன. மழை பெய்தால் அந்தத் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும்தான் போகிறது. எங்கள் மீன்களின் மூக்கை யாரும் சோதித்த மாதிரி தெரியவில்லை. ஐரோப்பாவில் பிரேக் தூசுக்கே கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம்தான் என்று 2024-ல் விதி எழுதிவிட்டார்கள். புகைக்குழாய்க்கு மட்டும் இருந்த சட்டம், சக்கரத்துக்கும் வந்துவிட்டது.

குனிந்தவனை அப்படியே விட்டுவிட்டேன், மன்னிக்கவும். ஊதவில்லை. முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, ஸ்பிரேயரில் சோப்புத் தண்ணீர் அடித்து, நனைந்த தூசை பழைய பனியன் துணியால் வழித்தெடுத்தேன். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், அதைத் துடைத்துவிட்டு மாட்டினேன். இதுவரை சரி. அடுத்ததுதான் சிக்கல். புது பேட் தடிமனானது. அது உட்கார வேண்டுமென்றால் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். சி-கிளாம்ப் போட்டு அரை மணி நேரம் நெருக்கினேன். அசையவில்லை.

தெருமுனையில் லாரி மெக்கானிக் அண்ணன் ஒருவர். நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா சார், கிளாம்ப போட்டு நசுக்கிக்கினு கீறீங்க? ஹேண்ட் பிரேக்கு அதுக்குள்ளயே கீது. அமுக்கினா உள்ள போவாது. திருவணும்."

திருகினார். திருகாணி மாதிரி சுழன்றுகொண்டே உள்ளே போய்விட்டது. அரை மணி நேர வேலை அரை நிமிடத்தில். நீங்கள் செய்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: முன் பிஸ்டன் அமுக்கினால் போகும், ஹேண்ட் பிரேக் சேர்ந்த பின் பிஸ்டன் பெரும்பாலும் திருகினால்தான் போகும். வண்டியை வெறும் ஜாக்கியில் நிறுத்திவிட்டு அடியில் தலையை நீட்டாதீர்கள். எல்லாம் மாட்டிய பிறகு பெடலைப் பத்து முறை மிதித்துப் பாருங்கள். முதல் மிதி தரைக்கே போகும், பயப்பட வேண்டாம். அது கெட்டியாகிறவரை வண்டியை நகர்த்தாதீர்கள்.

உதவிக்கு வந்தவர் அடுத்த சக்கரத்தை அவரே கழற்றினார். பேடை எடுத்தார். குனிந்தார். உதட்டைக் குவித்தார்.

"அண்ணே, வேணாம்!"

நிமிர்ந்து பார்த்தார். நான் நெல்லி கெர்ஷாவைப் பற்றிச் சொன்னேன். பெரியப்பாவைப் பற்றியும். முழுதாகக் கேட்டார். பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தார். நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த கார் கொட்டகையின் கூரை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். போன புயலில் ஒரு மூலை உடைந்து, நார் நாராகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"அப்ப இது இன்னா சார்?" என்றார்.

பதில் சொல்லாமல் ஸ்பிரேயரை எடுத்து நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கி அடித்தார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. பழவேற்காடு ரோட்டில் கொண்டுபோய், வேகம் எடுப்பதும் மெல்ல பிரேக் பிடிப்பதுமாகப் பத்துப் பதினைந்து தடவை ஓட்டி, புது பேடைப் பழக்கிவிட்டு வந்தோம். கிறீச் போய்விட்டது.

கழற்றிய நாலு பேடுகளையும், தூசு வழித்த பனியன் துணியையும், ஈரம் காயுமுன் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன். அந்தப் பேடுகள் எந்தக் கம்பெனியுடையவை என்று பார்க்க முடியவில்லை, எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. குப்பை வண்டிக்காரப் பெண்மணியிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர் பையைப் பிரித்துக் கையால் கிளறி, இரும்பைத் தனியாக எடுத்து வைப்பார். கொடுக்க மனம் வரவில்லை. பை இன்னும் கொட்டகையில், அந்த ஷீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.